டெல்லிக்குப் போகிறோம்: எங்கள் பிள்ளைகளோடு நின்ற எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் கடலோரமாக இருக்கும் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர், அதாவது உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் ஜெயித்துவிட்டார்கள், பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவில் தமிழ்நாட்டுக்காக டெல்லியில் சுப்ரதோ முகர்ஜி கோப்பை ஆடப் போகிறார்கள் என்ற செய்தி உங்களில் பலருக்கு ஏற்கெனவே வந்திருக்கும். வாழ்த்துச் சொல்லிப் பேசினவர்களில் பாதிப் பேர் "எல்லாம் உங்க உழைப்பு டீச்சர்" என்கிறார்கள். என் உழைப்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் இத்தனை பேர் கை கொடுத்திருக்கும்போது எனக்கு மட்டும் மாலை விழுவது நியாயமாகப் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை, பலர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

இந்தக் கோப்பையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜி பெயரில் 1960-லிருந்து நடக்கிற பள்ளிக் கால்பந்துப் போட்டி இது, விமானப்படைதான் நடத்துகிறது. மாநிலத்துக்கு மாநிலம் ஜெயித்த பள்ளிகள் வரும். வங்கதேசம், நேபாளம், இலங்கை என்று வெளிநாட்டுப் பள்ளி அணிகளும் வந்து ஆடியிருக்கின்றன, அதனால்தான் சர்வதேசப் போட்டி என்று பெயர். ஊர் ஊராகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த அணி இதில் ஆட முடியாது, ஒரே பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்தான் ஆட வேண்டும். ஒரே சைக்கிளில் டபுள்ஸ் வருகிற இரண்டு பேர் ஒருத்திக்கொருத்தி பாஸ் கொடுத்து கோல் போடுவதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எந்தப் போட்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் நன்றி எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாம் ஜூலையை ஒட்டி வந்துவிடும், ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். அணியில் பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் இருக்காது, அந்த நேரத்தில் போய் ஷூ வாங்கிக் கொடுங்கள், பால் வாங்கிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நான் கேட்கவே இல்லை. அவர்களாகத்தான் வந்தார்கள்.

எங்கள் கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. கோல் போட்டால் பந்து நேரே பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்புக்குள் போய்விடும், ஒருத்தி போய் முள்ளில் கால் குத்தாமல் தேடி எடுத்து வருவதற்குள் மற்றவர்கள் உடம்பு ஆறிப்போய் நிற்பார்கள். வலைக்குக் கடையில் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அது காதில் விழுந்ததும் ஒரு பிள்ளையின் அப்பா, "வலைக்கு நாம ஏன் டீச்சர் கடைக்குப் போவணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் அவரோடு இன்னும் நான்கு பேர் பழைய வலையைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். கம்பத்தை முழம் போட்டு அளந்தார்கள், நைந்த இடங்களை வெட்டி எறிந்தார்கள், அங்கேயே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வலை ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னிச் சேர்த்தார்கள். ஒருவர் வலையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டப் போனபோது இன்னொருவர் தடுத்தார். பிள்ளைகளிடமிருந்து பந்தை வாங்கி, தானே நாலு தடவை அடித்துப் பார்த்தார். பந்து வலையில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது. "மீனுக்கு விடுற மாதிரி இதுக்கும் தொய்வு விடணும்ப்பா, இல்லன்னா தங்காது" என்றார். தொய்வு விட்டுக் கட்டினார்கள். பந்து விழுந்தால் அப்படியே அமுங்கி நின்றது.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. வலை இல்லாத கம்பத்துக்கு அடிக்கிற பிள்ளை, பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் போதும் என்று பொத்தாம்பொதுவாக அடிப்பாள். வலை வந்த பிறகு மூலையைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். மேல் மூலையில் வலை குலுங்குவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஷூட்டிங்கில் நான் கரடியாகக் கத்தி வராத மாற்றம் அந்தப் பழைய வலையால் வந்தது.

அப்புறம் பஸ் நிறுத்தத்து இட்லிக் கடை அக்கா. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான், என் பிள்ளைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிறவர்கள். காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றோடு ஓட வந்தால் ஏழு மணிக்கு இரண்டு பேராவது கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாள் அக்கா அதைக் கடையிலிருந்தே பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் தூக்குவாளியில் இட்லி வரும், சாம்பார் தனியாக வரும். காசு கொடுத்தால் "மாசக் கடைசில பாத்துக்கலாம்" என்பார், அந்த மாசக் கடைசி இன்னும் வரவில்லை. மதியம் சத்துணவில் முட்டை உண்டு. சமைக்கிற அம்மா கொண்டைக்கடலை போடுகிற நாளில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பாத்திரம் எடுத்து வைத்துவிடுவார். அவருக்கும் என் வணக்கம்.

கண் இருட்டினது சாப்பாடு இல்லாததால் மட்டுமல்ல என்று கண்டுபிடித்தவர் எங்கள் பகுதி சுகாதார செவிலியர். எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இந்த வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை, எங்கள் நடுக்கள ஆட்டக்காரிக்கு ஒன்பதுதான் இருந்தது. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் அவள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்! பள்ளியில் வியாழக்கிழமை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று துப்பிவிடுவார்கள் என்பது எல்லா டீச்சருக்கும் தெரிந்த கதை. செவிலியர் யாரையும் திட்டவில்லை. சாப்பிட்ட பிறகு போடு, போட்டதும் டீ குடிக்காதே, எலுமிச்சை ஜூஸ் குடி என்று ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து சொன்னார், ரத்தம் குறைவாக இருந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அழைத்துப் போய்த் தனியாக மருந்து வாங்கிக் கொடுத்தார். மாதவிடாய் நாட்களில் ஆடலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் அவரிடம் கேட்டார்கள். மாநிலப் போட்டியில் கடைசி நிமிடம் வரை எங்கள் பிள்ளைகள் ஓடினார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்த ஓட்டத்தில் பாதி இவருடையது.

பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு தனி. வயது வரம்புப் போட்டி என்பதால் சான்றிதழ் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரு பிள்ளைக்கு ஆதாரில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி. இன்னொருத்திக்குச் சான்றிதழ் இருக்கிறது, குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. பிறந்த உடனே பதிந்திருக்கிறார்கள், பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. பதினைந்து வருடத்துக்குள் என்றால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையே எனக்குச் சொன்னவர் இ-சேவை மையத்தில் இருக்கிற தங்கச்சிதான். சாயங்காலம் கடையை அடைக்கிற நேரம் தாண்டியும் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். பதிவு அலுவலகத்தில் அதைக் கிடப்பில் போடாமல் நகர்த்தின ஊழியருக்கும் நன்றி. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் இருக்கும் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று.

இனி அம்மாக்கள், ஆயாக்கள். எட்டாவது வரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் தாய்மாமன், பெரியப்பா, பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் பேச வாய் வந்துவிடும். எங்கள் ஃபார்வர்ட் ஒரு மாதம் வராமலே இருந்தாள். வீட்டுக்குப் போனேன். அவள் மாமா, "டவுசர் போட்டுக்கிட்டு ஆம்பளப் பசங்க பாக்க ஓடணுமா" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், திண்ணையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "பதினாலு வயசுல நான் கூடைய தலையில வெச்சிக்கிட்டு தெருத் தெருவா ஓடுனேன், அப்ப எவன் கண்ணும் உறுத்தல. இவ பந்து பின்னாடி ஓடுனா மட்டும் உறுத்துதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மறுநாள் காலை பிள்ளை மைதானத்தில் இருந்தாள். டவுசருக்குள் போட எல்லோருக்கும் லெகின்ஸ் தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெரு டெய்லர் அக்கா, கூலியே வாங்கவில்லை. ஆயா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் பேத்தி படித்துக் காட்டட்டும். மாநிலப் போட்டியில் அவள் போட்ட ஒவ்வொரு கோலிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.

பந்தாடி என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்குக் கடலூரில் நான் தூரமாகக் கைகாட்ட வேண்டியதில்லை. இந்துமதி கதிரேசன் இந்த மாவட்டத்திலிருந்து போய்த்தான் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2018-ல் தமிழ்நாடு மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாக தேசிய மகளிர் சாம்பியன் ஆனது, 2023-ல் மறுபடியும் ஜெயித்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் பழைய மாணவி ஒருத்தியும் அப்படித்தான் இன்று காவல்துறையில் இருக்கிறாள், இந்த வருடம் தன் லீவையெல்லாம் சேர்த்து வைத்து வந்து எங்கள் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, பயிற்சி கொடுத்தாள். கடற்கரை மணலில் வைத்து டைவ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாள், விழுந்தால் வலிக்காது என்பதால் பயம் போய்விடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

மாலையில் மைதானத்தில் பாதியை விட்டுக் கொடுத்த ஆண்கள் பள்ளி அணிக்கும் நன்றி தம்பிகளா. வேறு ஓர் இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்க முடியாது என்று கைவிரித்தபோது நீங்கள்தான் "இங்க வாங்க மிஸ்" என்றீர்கள். எங்களோடு ஆடினபோது பாவம் பார்த்து விட்டுக் கொடுக்கவில்லை, அதற்கு இரட்டிப்பு நன்றி. தலைமை ஆசிரியை அம்மாவுக்கும், விட்டுப்போன பாடங்களை ஞாயிற்றுக்கிழமை வந்து நடத்தின கணக்கு, அறிவியல் டீச்சர்களுக்கும்கூட.

மாநில இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. டை பிரேக்கர், அதாவது பெனால்டி அடித்து முடிவு செய்வது. எங்கள் கோலி பத்தாம் வகுப்பு, அணியிலேயே குள்ளமான பிள்ளை. எதிரணியின் கடைசி அடிக்கு அவள் கம்பத்தில் இரண்டு கையையும் ஒரு தடவை தட்டிவிட்டு வந்து நின்றாள். அடிக்கிறவளின் முகத்தைப் பார்க்கவில்லை, ஊன்றுகிற காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் தரையோடு தரையாகப் பாய்ந்தாள். பந்து விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் இடித்து, வெளியே போனது. அதற்குப் பிறகு எனக்கு யார் யார் என்னைக் கட்டிப்பிடித்தார்கள் என்று நினைவில்லை.

தோற்ற அணியின் கோச் அண்ணன் ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் எங்களிடம் வந்தார். அவர் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நாங்க முன்னாடி டெல்லி போயிருக்கோம் டீச்சர், அங்க ஆகஸ்ட்ல புழுக்கம் நம்ம ஊரை விட மோசம், உப்பு சர்க்கரைத் தண்ணி கலக்கி கையிலயே வெச்சுக்குங்க, ரொட்டி ஒத்துக்காத பிள்ளைங்களுக்குப் பருப்புப் பொடி எடுத்துட்டுப் போங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கள் அணிக்கு வாங்கி வைத்திருந்த முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் காக்கிற புது ஷின் கார்டுகளையும் எங்களிடம் கொடுத்து அனுப்பினார். அண்ணா, உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அங்கே ஆடுவோம்.

வழிச்செலவுக்கு உதவினவர்கள் கணக்கு கேட்கவில்லை, இருந்தாலும் வரவு செலவு முழுவதும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்புகிற தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறோம், இரண்டு இரவு ஒரு பகல். பல பிள்ளைகளுக்கு விழுப்புரம் தாண்டுவதே இதுதான் முதல் முறை, இப்போதே யாருக்கு ஜன்னல் சீட் என்று சண்டை நடக்கிறது.

டெல்லியில் இருக்கிற நம்மவர்கள், ஆட்ட நேரம் தெரிந்ததும் சொல்கிறேன், முடிந்தவர்கள் மைதானத்துக்கு வாருங்கள். மணிப்பூர், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நல்ல வேகம், நல்ல பயிற்சி, எங்களுக்குச் சுலபமாக இருக்காது. பக்கத்தில் நின்று தமிழில் நாலு பேர் "விடாத, ஏறி வா" என்று சத்தம் போட்டால் பிள்ளைகளுக்குத் தெம்பாக இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் பி.டி. டீச்சர்