நிழலில்லா நாள் ஊருக்கு ஊர் மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாத நாளைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். கடந்த ஏப்ரல் 24 அன்று அதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியை நம்பி, எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளைப் பகல் 12.07-க்கு வெயிலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மீட்டர்க் குச்சிக்கு நான்கு சென்டிமீட்டர் நிழல் விழுந்தது. குச்சியில் கோளாறு இல்லை. நீங்கள் போட்டிருந்தது சென்னைக்கான நாளும் நேரமும். குச்சி நின்றதோ தஞ்சாவூரில்.

சூரியன் வடக்கே கடக ரேகை வரை போய், அங்கிருந்து திரும்பி, தெற்கே மகர ரேகை வரை வருகிறது. இந்த இரண்டு ரேகைகளுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும்தான், போகும்போது ஒரு நாளும் வரும்போது ஒரு நாளும் அது நேர் உச்சியில் நிற்கும். ஏப்ரல் 10, 11 வாக்கில் கன்னியாகுமரி, 16-இல் மதுரை, 18-இல் தஞ்சாவூர், 24-இல் சென்னை. திரும்பும்போது ஆகஸ்ட் 18-இல் சென்னை, 24 வாக்கில் தஞ்சாவூர், செப்டம்பர் முதல் தேதியை ஒட்டிக் கன்னியாகுமரி. நேரமும் ஒன்றல்ல. நம் கடிகாரம் அலகாபாத் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டை வைத்து ஓடுகிறது. மேற்கே போகப் போக உச்சிப்பொழுது தள்ளிப்போகும். ஏப்ரலில் சென்னையில் 12.07 என்றால் கோவையில் ஏறக்குறைய 12.22.

இலங்கையில் வானிலைத் துறையே ஒவ்வோர் ஏப்ரலிலும் 5 முதல் 15 வரை, இன்றைக்கு எந்தெந்த ஊருக்கு மேல் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று ஊர்ப்பெயரோடு அறிவிக்கிறது. அங்குள்ள தமிழ் நாளிதழ்களும் அதை அப்படியே வெளியிடுகின்றன. நாம் மட்டும் ஏன் மாநிலம் முழுவதையும் சென்னைக் கணக்கில் கட்டிவைக்க வேண்டும்?

அப்புறம், 'அபூர்வ வானியல் நிகழ்வு' என்று ஒரு வரி. வருஷத்துக்கு இரண்டு முறை தவறாமல் வருவது எப்படி அபூர்வமாகும்? டெல்லிக்காரர்கள் வேண்டுமானால் ஏங்கலாம். அவர்கள் ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால், ஜூன் 21 நண்பகலிலும் ஒரு மீட்டர்க் குச்சிக்கு ஒன்பது சென்டிமீட்டர் நிழல் மிஞ்சும். மெக்காவோ கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. மே 27, 28 வாக்கில் அங்கே சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும்போது நமக்குப் பிற்பகல் 2.48. அந்த நிமிடத்தில் இங்கிருந்து சூரியன் தெரியும் திக்குதான் கிப்லா, அதாவது முஸ்லிம்கள் தொழுகையில் முகம் நோக்கும் திசை. திசையைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

அதே செய்தியில் அக்னி நட்சத்திரத்தையும் இதோடு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். மே 4 முதல் 28 வரையிலான நாட்களில் சூரியன் நம் தலைக்கு மேல் இல்லை. விஜயவாடாவைத் தாண்டி நாக்பூருக்கும் அப்பால் போய்விடுகிறது. ஆனால் சென்னையின் உச்சியிலிருந்து எட்டு பாகை விலகினால் வெயில் குறைந்தா போகும்? நூற்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது. அதற்குள் நிலமும் நன்றாகச் சூடேறிவிடுகிறது. கடற்காற்றும் பல நாள் தாமதமாகத்தான் உள்ளே வருகிறது. கத்திரியின் கொடுமை அதனால்தான்.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதையும் கடைசிப் பத்தியில் சேர்த்துவிட்டீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கே இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் வந்து நின்று பாருங்கள், அவ்வளவு பெரிய நிழல் படுத்துக் கிடக்கும். மார்கழியில் நடுப்பகலில்கூட வடக்குப் பக்கம் நீண்டு விழும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஏப்ரல் 24-க்கும் ஆகஸ்ட் 18-க்கும் இடையில் சென்னையில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. 'வடக்குப் பார்த்த சன்னல், வெயிலே வராது' என்று சொல்லி விற்ற வீடுகளில் ஆனி மாதம் வெயில் எட்டிப்பார்ப்பது இதனால்தான். கொத்தனாரும் தரகரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகஸ்ட் சுற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாவட்டத் தலைநகர்களுக்காவது நாளையும் நேரத்தையும் ஒரு சின்னப் பட்டியலாக, சூரிய உதயம், அஸ்தமனம் போடும் கட்டத்தின் பக்கத்தில் வெளியிடுங்கள். கூடவே இரண்டு குறிப்புகள். மொட்டைமாடித் தளத்துக்கு மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். அதில் பாட்டிலை நிறுத்தினால் சாய்ந்துதான் நிற்கும், தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மேகம் மூடினாலும் குடி முழுகாது. முந்தைய நாளோ மறுநாளோ பார்த்தால் ஒரு மீட்டர்க் குச்சிக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுதான் நிழல் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்