புகை இருந்த காலத்துப் பிட்ஸ்பர்க்

திருச்சி

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன்னுடைய, மாப்பிள்ளையுடைய, குழந்தைகளுடைய நலமறிய ஆவல். ஐம்பதுகளும் அறுபதுகளுமே அமெரிக்காவின் பொற்காலம் என்று அடுத்த வீட்டு மூதாட்டி ஓயாமல் சொல்வதாகவும், அதே பிட்ஸ்பர்க்கில் படித்து வேலையும் பார்த்த நான் என்ன நினைக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

1959 செப்டம்பரில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் படிக்க நான் வந்து சேர்ந்தபோது, எஃகுக்குப் பேர்போன அந்த ஊரின் பெரிய உலைகள் அவிந்து கிடந்தன. நாடெங்கும் ஏறத்தாழ 5,00,000 தொழிலாளர்கள் ஜூலை 15 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 116 நாட்களுக்குப் பின், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் நவம்பர் 7 அன்று அவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் மொனாங்கஹேலா ஆற்றின் மேல் இரவு வானம் சிவந்து நிற்பதை முதன்முதலாகப் பார்த்தேன். காயப்போட்ட துணியில் கரி படிகிறதே என்று அலுத்துக்கொள்வார் என நான் எதிர்பார்த்த வீட்டுக்காரம்மாள், அந்தப் புகையைப் பார்த்து, "இனிச் சம்பளம் வரும்" என்று நிம்மதியாகச் சொன்னார்.

அவருடைய கணவர், ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை. பள்ளிப் படிப்பை முடிக்காமலே, எஃகை உருட்டித் தகடாக்கும் உருட்டாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஒருவருடைய கூலியில் செங்கல் வீடும், வாசலில் ஒரு காரும், பிள்ளைகளின் கல்லூரிச் செலவும், கோடையில் கென்னிவுட் பூங்காவில் ஸ்லோவாக்கியர் நாள் கொண்டாட்டமும் நடந்தன. நம் ஊரில் பட்டம் பெற்ற எழுத்தர்கூட வாடகை வீட்டில் மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருந்த நாளில், எனக்கு இது நம்பமுடியாத காட்சியாக இருந்தது. பொற்காலம் என்று அந்த மூதாட்டி எதைச் சொல்கிறாரோ, அதன் உட்பொருள் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அது முதலாளிகளின் தாராள மனத்தால் வந்ததன்று. ஓய்வூதியத்துக்காகவே 1949-இல் எஃகுத் தொழிலாளர்கள் ஒரு வேலைநிறுத்தம் நடத்தியிருந்தார்கள். மருத்துவக் காப்பீடு, விடுப்பு, கூலி உயர்வு ஒவ்வொன்றும் தொழிற்சங்கம் பேரம்பேசி வாங்கியவை. பழைய நினைவுகளைப் பேசுகிறவர்கள் காரின் வண்ணத்தைச் சொல்லுகிற அளவுக்குச் சங்கத்தைச் சொல்வதில்லை.

மகிழ்ச்சிக்கும் குறைவில்லை. 1960 அக்டோபர் 13 அன்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான பேஸ்பால் இறுதித் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் 9–9 என்று சமநிலையில் நின்றபோது, பில் மசராஸ்கி பந்தை இடப்பக்கச் சுவருக்கு அப்பால் அடித்து, 1925-க்குப் பிறகு முதன்முறையாகப் பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பக்கத்திலிருந்த 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கட்டடத்தின் உச்சியிலிருந்து மாணவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். கிரிக்கெட் மட்டுமே அறிந்த எனக்கு விதிகள் பாதி விளங்கவில்லை. ஆனாலும் அன்று மாலை டிராம்கள் நகர முடியாதபடி தெருவெல்லாம் நிறைந்த கூட்டத்தில் நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். மைதானத்தை 1971-இல் இடித்துவிட்டார்கள். சுவரின் ஒரு பகுதி நகரின் ஓக்லாந்து வட்டாரத்தில் இன்னும் நிற்கிறது. ஆண்டுதோறும் அதே தேதியில் இரசிகர்கள் அங்கே கூடி, பழைய வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். உன் மருத்துவமனையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இனி, மூதாட்டி சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது. லோயர் ஹில் என்ற பகுதியை நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1956 முதல் இடிக்கத் தொடங்கி, பெரும்பாலும் கறுப்பின மக்களான சுமார் 8,000 பேரை வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த மண்ணில் 1961-இல் திறந்து மூடும் எஃகுக் கூரையோடு ஒரு விளையாட்டரங்கம் எழுந்தது. அந்தக் கூரையின் பொறியியலை நாங்கள் வகுப்பில் வியந்து பேசினோம். யார் வீடு அங்கே இருந்தது என்ற பேச்சு வகுப்பில் வந்ததில்லை.

ஆலைக்குள்ளும் அதே கதைதான். நிலக்கரியைச் சுட்டு உலைக்கான கோக் எரிபொருளாக்கும், வெப்பமும் நச்சுப்புகையும் மிகுந்த கோக் சூளைகளில் கறுப்பினத் தொழிலாளர்களே கூடுதலாக இருந்தார்கள். பணிமூப்பு ஆலை முழுமைக்குமாகக் கணக்கிடப்படாமல் பிரிவுவாரியாகக் கணக்கிடப்பட்டதால், இருபது ஆண்டு உழைத்தவர் நல்ல பிரிவுக்கு மாற விரும்பினால், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் பின்னால் நிற்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுபவரும் அவரே. நான் புகழ்ந்த அதே சங்கமும் இந்த ஏற்பாட்டுக்குக் கையொப்பமிட்டிருந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு, 1974-இல், ஒன்பது எஃகு நிறுவனங்களும் சங்கமும் நீதிமன்ற ஒப்பந்தத்தின் வழியே இதை மாற்ற இசைந்தன. அதற்குப் பத்தாண்டுக்குள் ஆலைகளே ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிட்டன. 1986-இல் மூடப்பட்ட ஹோம்ஸ்டெட் ஆலையின் இடத்தில்தான் நீ பொருள் வாங்கப் போகிற வணிக வளாகம் இருக்கிறது. அங்கே வரிசையாக நிற்கும் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளைக் குழந்தைகளுக்குக் காட்டு.

மூதாட்டி பொய் சொல்லவில்லை, கயல். தம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார். அடுத்த முறை பேசும்போது, அவருடைய தந்தை எந்த ஆலையில், எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று கேட்டு எனக்கு எழுது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். வருகிற மாதம் அங்கே வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா