ஜவ்வாது மலையின் இருட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறையில் குழந்தைகளை அழைத்துப் போக ஏற்ற இடங்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தவர், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். வாணியம்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கோளரங்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1988இல் திறந்த நாள் முதல் எத்தனையோ பிள்ளைகளுக்கு வானத்தை முதன்முதலில் அறிமுகம் செய்தது அந்தக் குவிமாடம்தான். உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு கார்த்திகையையும் திருவாதிரையையும் பார்க்கலாம். மாதக்கணக்கில் நகரும் வானத்தைச் சில நிமிடங்களில் சுழற்றிக் காட்டுவார்கள். மேகம் வந்தாலும் மழை வந்தாலும் காட்சி நிற்காது. ஆனாலும் அங்கே தெரிவது கருவி கூரையில் வீசும் ஒளி. தொலைநோக்கியில் சனியைப் பார்க்கும்போதோ, அந்தக் கோளிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்த ஒளியே நம் கண்ணுக்குள் வந்து விழுகிறது. இந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே புரிகிறது. முதல் முறை வளையத்தைப் பார்த்த ஒரு மாணவி, குழாயின் முன்பக்கம் ஓடிப்போய், "டீச்சர், இங்க ஏதாவது படம் ஒட்டி வெச்சிருக்காங்களா?" என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிகள் பல, கோளரங்கம் காட்டச் சென்னைக்கு வண்டி பிடிக்கின்றன. ஆனால் பக்கத்திலேயே, ஆலங்காயம் தாண்டி மலையேறினால் காவலூரில் நாட்டின் மிக முக்கியமான ஆய்வகங்களில் ஒன்று இருக்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கிருந்து வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும் என்பதே அவர் கண்ட பெரிய வசதி. தென்சிலுவை என்னும் திரிசங்கு விண்மீன்களும், லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒன்றாகத் திரண்ட ஒமேகா சென்டாரியும் லண்டன்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சித்திரை, வைகாசி இரவுகளில் ஜவ்வாது மலையில் நின்றால் தெற்கே அவை தெரியும்.

கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்த, 38 செ.மீ. விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கியோடு 1968இல் இங்கே பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த சில இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். உள்நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பணிக்கு வந்தது. அதற்காக உழைத்த பாப்பு அதைப் பார்க்காமலே 1982இல் மறைந்துவிட்டார். இன்று தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான். யுரேனஸைப் பாடமாக நடத்தும்போது நான் வகுப்பு ஜன்னல் வழியே மலையைக் காட்டியதுண்டு. பக்கத்து மலையில் நடந்தது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் இருட்டிய பிறகு 6 அங்குலத் தொலைநோக்கி வழியே பார்க்கலாம். கிளம்பும் முன் ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க முடியவில்லையே என்று பலர் வருந்துகிறார்கள். அதில் கண் வைக்கும் இடமே இப்போது கேமராவுக்கும், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவிக்கும் உரியது. ஆய்வாளர்கள்கூடத் திரையில்தான் பார்க்கிறார்கள். 6 அங்குலம் சின்னது என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாழனின் மேகப் பட்டைகளும் நான்கு நிலாக்களும் அதில் பளிச்சென்று தெரியும்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். அருந்ததிக்குப் பக்கத்தில் இருக்கும் வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அவரே இரண்டு விண்மீன். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் புள்ளி இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்த பெண்கள், வீட்டுக்குப் போய் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

போகும் நாளைத் தேர்வதில் பலர் பௌர்ணமியை நினைக்கிறார்கள். முழுநிலா அன்று நிலவின் மீது வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். நிலவொளியில் மங்கலான விண்மீன்களும் மறைந்துவிடும். வளர்பிறையில் அரைநிலா நாளே சிறந்தது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பள்ளங்களின் விளிம்பும் மலைகளின் நிழலும் துல்லியமாக நிற்கும். தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் கைகொடுக்கும். மலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

பொதுமக்களுக்கு வானம் காட்டும் நிகழ்ச்சிகளை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடு நடத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு குறை இருக்கிறது: எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. இணையத்தில் இளஞ்சிவப்பும் நீலமுமாக ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குத் தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகைதான் தெரிகிறது. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது என்பதையும், நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் அந்தப் புகை விரியும் என்பதையும் வரிசையில் நிற்கும்போதே தமிழில் சொல்லிவிட்டால், ஏமாற்றத்தோடு திரும்புகிறவர் குறைவார். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் செல்போன் விளக்கைப் போட்டால் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் அந்த அரை மணி நேரம் வீணாகிறது. வாசலிலேயே இதைச் சொல்லலாம். குட்டிப் பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் இல்லாமல், அப்பா தூக்கிப் பிடிக்கும் ஆட்டத்தில் ஒன்றும் பார்க்காமலே இறங்கிப் போன குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டூல் எவ்வளவு ஆகிவிடும்?

இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைப்பட வைப்பது வெளிச்சம். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு காலத்தில் பார்த்த பால்வீதி இப்போது தெரிவதில்லை. கீழேயுள்ள ஊர்கள் வளர வளர, அவற்றின் ஒளி மலைக்குப் பின்னால் மூட்டமாக எழுகிறது. வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீல ஒளி அதிகம். பகல் வானம் நீலமாக இருக்கும் அதே காரணத்தால், அந்த ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. மலைக் கிராமத்துக்குத் தெருவிளக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாம்பும் பள்ளமும் உள்ள பாதையில் இரவில் நடப்பவர்கள் அவர்கள். ஆனால் விளக்குக்கு மேல் ஒரு மூடி போட்டு, ஒளி பாதையில் மட்டும் விழும்படி செய்யலாம். மஞ்சள் சாயல் உள்ள விளக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பாதைக்கும் வெளிச்சம் கூடும், மின்சாரமும் மிச்சமாகும்.

இது நடக்கக்கூடியதே. காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹன்லேயிலும் ஆய்வகம் வைத்திருக்கிறது. அங்கே 2022இல் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள்வானக் காப்பகமாக, அதாவது இரவு வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைக்கும் பகுதியாக அறிவித்தார்கள். சுற்றியுள்ள கிராமத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, கையில் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிற பயணிகளுக்கு வானம் காட்டுகிறவர்கள் இப்போது அவர்களே. வானம் வருமானம் தருவதால் இருட்டைக் காப்பது அந்த ஊரின் சொந்தக் காரியமாகிவிட்டது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியினரின் பிள்ளைகளில் சிலருக்கு அப்படிப் பயிற்சி கொடுத்தால் என்ன? வானம் பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கார்களில் வருகிறார்கள். ஆய்வகத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போய்த் தொலைநோக்கியில் கண் வைத்திருப்பார்கள்? மலையடிவாரத்துக் கூலிக் குடும்பம் ஒன்று சனிக்கிழமை மாலை ஏறிப் போய், இரவு வானம் பார்த்துவிட்டு எப்படி இறங்கும்? பார்வை முடியும் நேரத்துக்கு ஆலங்காயம் வரை ஒரே ஒரு அரசுப் பேருந்து, வானம் தெளிந்த மாதங்களில் மட்டும் விட்டால்கூடப் போதும். மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் ஆய்வகமும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். வானத்தைத் தொலைநோக்கியில் பார்த்த குடும்பத்திடம் 'விளக்குக்கு மூடி போடுங்கள்' என்று கேட்டால் காது கொடுப்பார்கள். பார்க்காதவரிடம் எத்தனை சட்டம் போட்டாலும் அது யாருக்கோ வேண்டிய விஷயம்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாத இதழிலும் இராசி பலனுக்கு இரண்டு பக்கம் கொடுக்கிறீர்கள். அதன் ஓரத்தில், அந்த மாதத்தில் வளர்பிறை அரைநிலாவுக்கு நெருங்கிய சனிக்கிழமை எது, அன்று மாலை எந்தக் கோள் எந்தத் திசையில் தெரியும் என்று நான்கு வரி போடுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், மாதம் தவறாமல் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
வாணியம்பாடி