இண்டர்வியூவில் நம் பிள்ளைகளும் கேள்வி கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மகள் டெண்டல் அசிஸ்டண்ட் படிப்பை முடித்துவிட்டு கிளினிக் கிளினிக்காக இண்டர்வியூவுக்கு ஏறி இறங்குகிறாள், சீன மொழி தெரியவில்லை என்று எல்லாரும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மிச்சத்தை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பினாங்கில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் பல வருடமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எச்சிலை உறிஞ்சும் குழாயான சக்‌ஷன் பிடிக்கிறவள். புது ஆள் எடுக்கும்போதெல்லாம் டாக்டர் என்னையும் கூட உட்காரச் சொல்வார், அதனால் வருகிற பிள்ளைகளை நன்றாகவே பார்க்கிறேன்.

நம் பிள்ளைகள் படிப்பில் குறைச்சல் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள். கடைசியில் டாக்டர் "நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்றால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு "ஒன்னும் இல்ல டாக்டர்" என்று எழுந்துவிடுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளினிக் மூடும், எதுவும் தெரியாது. அப்புறம் கவுண்டர் பக்கம் வந்து என் காதில் "அக்கா, எவ்வளவு தருவாங்க?" என்பார்கள். ஏன்மா உள்ளேயே கேட்கலை என்றால், "சம்பளத்தைப் பத்திப் பேசினா திமிர் பிடிச்சவன்னு நினைப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க." அந்த அம்மா வெளியே வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருப்பார், கூடவே அப்பா, சில நேரம் மாமாவும். (ஒரு தடவை மாமாவே உள்ளே வந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்!)

சம்பளம் கேட்பது திமிர் இல்லை. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கிற முதலாளிகளுக்கும் அதேதான். ஆக "எங்கள் கிளினிக் சின்னதுமா" என்கிற சாக்கு இனி செல்லாது. அதுவும் அடிப்படைச் சம்பளமே 1,700 இருக்க வேண்டும். பேசிக் 1,400, மீதியெல்லாம் அலவன்ஸ் என்று யாராவது கணக்குக் காட்டினால் அது சரியான கணக்கு இல்லை. இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுவார்களா என்று கேட்பதும் தப்பில்லை. இபிஎஃபில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 11. புரோபேஷன், அதாவது ஆரம்பச் சோதனைக் காலம், முடிந்த பிறகுதான் கட்டுவோம் என்று சிலர் சொல்வார்கள், அது அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம்.

வேலை நேரம் இன்னும் முக்கியம், ஏனென்றால் இந்த வேலையை விட்டு ஓடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதனால்தான் ஓடுகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான், அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம் கணக்கு. ஆனால் கிளினிக் போர்டில் இரவு 9 மணி வரை என்று இருந்தால் நீங்கள் 9 மணிக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம் இல்லை. கடைசி பேஷண்ட் எட்டரைக்கு வேர் சிகிச்சைக்கு உட்கார்ந்தால், அவர் போன பிறகு கருவிகளைக் கழுவி, பையில் போட்டு, கிருமி கொல்லும் நீராவி இயந்திரமான ஆட்டோகிளேவை ஓட்டி, நாற்காலி துடைத்து, குப்பையில் ஊசி தனி பஞ்சு தனி என்று பிரித்துவிட்டுத்தான் வீடு. தூரத்து பாலிக் பூலாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை இதைக் கேட்காமல் வேலையை ஒத்துக்கொண்டால் இரண்டாவது மாதமே அழுகைதான்.

"ஒரு வாரம் ட்ரையல் வாம்மா, சம்பளம் அப்புறம் பேசலாம்" என்கிற கிளினிக்குகளும் இருக்கின்றன. வேலை பார்க்கத் தெரியுமா என்று அரை மணி நேரம் சோதிப்பது நியாயம். ஒரு வாரம் முழுக்க ஆள் பற்றாக்குறைக்கு நிற்க வைத்துவிட்டு "உனக்குச் சரிவரலை" என்று அனுப்புவது இலவசமாக உழைப்பை வாங்குவது. ட்ரையலுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்கே முகம் சுளிக்கிறவர்களிடம் வேலை செய்து என்ன ஆகப் போகிறது?

டாக்டர்மாருக்கும் ஒரு வார்த்தை. "கல்யாணம் எப்போ? பாய்ஃபிரண்ட் இருக்கா?" என்பதெல்லாம் என்ன கேள்வி? மகப்பேறு விடுப்பு 98 நாள் ஆகிவிட்டது என்கிற பயம் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் காட்டி என்ன பிரயோஜனம்? எங்கள் டாக்டர் அப்படிக் கேட்கமாட்டார். ஒரு ரப்பர் கிண்ணத்தையும் அல்ஜினேட் பவுடரையும் கொடுத்து, பல் அச்சு எடுக்கக் கலக்கிக் காட்டு என்பார். போன வருடம் ஒரு நிபோங் திபால் பிள்ளை பவுடரைத் தொடாமல் முதலில் குழாய்த் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். "டாக்டர், குளிர்ந்த தண்ணி இருக்கா? இது வெதுவெதுன்னு இருக்கு, வாயில வைக்கிறதுக்குள்ள இறுகிடும்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் பிரிட்ஜைத் திறந்தேன், அவ்வளவுதான். அப்புறம் கேட்ட 36 எந்தப் பல், ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த பையில் உள்ள அடையாளத்தின் நிறம் மாறிவிட்டால் கருவி சுத்தமாகிவிட்டதா என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தான். (36 கீழ் இடது முதல் கடைவாய்ப் பல், இடது என்பது பேஷண்டுக்கு இடது. நிறம் மாறுவது சூடு பட்டதற்கு அடையாளம், கிருமி செத்ததற்கு அத்தாட்சி இல்லை. இந்த இரண்டிலும் தடுமாறுகிறவர்கள் நிறைய, படித்துக்கொண்டு போங்கள்.)

அந்தப் பிள்ளை இன்னொன்றும் கேட்டாள். ஊசி குத்திவிட்டால் இங்கே என்ன நடைமுறை, ரத்தம் மூலம் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான ரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக் பணம் தருமா என்று. 1989லிருந்து நம் நாட்டில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடுகிறார்கள், ஆனால் வளர்ந்த பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். தினமும் ரத்தமும் எச்சிலுமாகப் புழங்குகிறவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

சரி, மொழி விஷயம். மாண்டரின் கட்டாயம் என்று விளம்பரம் போடுகிற கிளினிக்கில் போய் மல்லுக்கட்ட வேண்டாம், வேறு இடம் பாருங்கள். ஜார்ஜ்டவுன் பக்கத்தில் வயதான சீனர்கள் பாதி நேரம் மாண்டரின் இல்லை, ஹொக்கியன் என்கிற இன்னொரு சீன மொழிதான் பேசுகிறார்கள், வாயைத் திற, கொப்பளி, வலிக்கிறதா என்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். அதைவிட, உங்கள் தமிழை ஏன் மறைக்கிறீர்கள்? எங்கள் கிளினிக்குக்கு வருகிற தாத்தா பாட்டிகள் டாக்டர் மலாயில் கேட்டால் "தா அடா சாக்கிட்" (நோய் ஒன்றும் இல்லை) என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். நான் தமிழில் கேட்டால்தான் இனிப்புநீர் இருக்கிறது, இருதயத்துக்கு ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் வெளியே வரும். அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் டாக்டர் வியர்த்துப் போவார். "தமிழ் பேஷண்டுகளிடம் மருத்துவ விவரம் கேட்டு எழுத எனக்குத் தெரியும்" என்று இண்டர்வியூவில் வாய்விட்டுச் சொன்ன ஒரு பிள்ளையைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகையில் கிளினிக் வேலை விளம்பரங்கள் வருகின்றன. "கவர்ச்சிகரமான சம்பளம்" என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தையும் கிளினிக் மூடும் நேரத்தையும் போடாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று நீங்கள் ஒரு விதி வைத்தால் என்ன?

இப்படிக்கு,
கிளினிக் அக்கா,
ஜெலுத்தோங், பினாங்கு