அலெக்சாண்டருக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலக வரலாற்றுத் தொடரில், "அலெக்சாண்டரின் குதிரை கால் வைத்த இடமெல்லாம் நாகரிகம் முளைத்தது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தொடர் எழுதுகிறவருக்கு வாரா வாரம் பக்கத்தை நிரப்பியாக வேண்டும், வேகத்தில் விழுந்த வரியாக இருக்கலாம். ஆனால் உங்கள் மேசையைத் தாண்டித்தானே அது அச்சுக்குப் போனது? நீங்கள் வரலாறு ஊன்றிப் படித்தவர் என்பது உங்கள் தலையங்கங்களைப் படிக்கும் யாருக்கும் தெரியும். வருத்தம் அதிகமாக இருப்பது அதனால்தான்.

அலெக்சாண்டர் ஆசியாவுக்குள் நுழைந்தது கி.மு. 334-இல். அதற்கு முன்பே, இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில் கேரியாவை ஆண்ட மவுசோலஸ் கிரேக்கக் கலையைத் தன் தலைநகருக்கு வரவழைத்துவிட்டார். அவர் கேரிய இனத்தவர், பாரசீகப் பேரரசின் ஆளுநர். கி.மு. 353-இல் அவர் இறந்தார். தலைநகர் ஹாலிகர்னாசஸில் அவருக்காக எழுப்பிய கல்லறை உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்குச் சிலை செதுக்க ஸ்கோபாஸ் போன்ற பெயர்பெற்ற கிரேக்கச் சிற்பிகள் வந்தார்கள். கூப்பிட்டதும் கேரிய அரச குடும்பம்தான், கூலி கொடுத்ததும் அதேதான். கிரேக்கத் தூண் வரிசைக்கு மேலே பிரமிடு மாதிரி படிப்படியாக ஏறும் கூரை. அப்படி ஒரு கட்டடம் ஏதென்ஸில் கிடையாது. பிடித்ததை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய மாதிரி கட்டிக்கொண்டார்கள். மிளகாய் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் அதைப் போட்டு நாம் வைத்த குழம்பு நம்முடையது இல்லையா?

கணவரின் வேலை காரணமாக நாங்கள் போபாலில் இருந்தபோது, அங்கே ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். மவுசோலஸ் கதையை வகுப்பில் ஆசையாகச் சொல்வேன். கிரேக்கப் பண்பாடு ஆசியாவில் பரவியது பற்றி ஒரு தேர்வில் கேள்வி வந்தது. என் மாணவி ஒருத்தி கேரியாவிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருந்தாள். திருத்தியவர் அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் சிவப்பு மையில் "அலெக்சாண்டர்" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் சொன்னதைத்தானே மேடம் எழுதினேன்" என்று கேட்டாள். மேலிடத்தில் சொல்லிப் பார்த்தேன், மதிப்பெண் திரும்பி வரவில்லை. உங்கள் தொடரில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் இதழை ஆசிரியர்கள் படிக்கிறார்கள், வகுப்பில் எடுத்தும் சொல்கிறார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. உங்கள் தீபாவளி மலரில் காந்தாரப் (இன்றைய பாகிஸ்தானின் வடமேற்குப் பகுதி) புத்தர் சிலைப் படத்துக்குக் கீழே "கிரேக்கர் தந்த புத்தர்" என்று போட்டிருந்தீர்கள். காந்தாரச் சிலைகளில் பெரும்பாலானவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், குஷாணர் காலத்தில் செய்யப்பட்டவை. கிரேக்க வழி வந்த அரசர்களின் ஆட்சி அங்கே முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மேலாடையின் மடிப்பில் கிரேக்க, ரோமானியச் சாயல் உண்டு, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொருள் கொடுத்தவர்கள் அந்த ஊர்ப் பௌத்தர்கள், வைத்து வணங்கியதும் அவர்களுடைய விகாரைகளில். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். நன்றி தெரிவித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதற்கு நானும் நன்றி சொல்கிறேன். திருத்தம் மட்டும் வரவில்லை.

போபாலிலிருந்து விதிஷா அதிக தூரமில்லை. மாணவர்களை சாஞ்சிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் விதிஷாவை ஒட்டிய பேஸ்நகர் தூணையும் காட்டாமல் திரும்பியதில்லை. அந்தப் பக்கத்து மக்கள் அதை 'கம்ப பாபா' என்று கும்பிட்டு வந்தவர்கள். 1877-இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் வந்து பார்த்தபோது தூண்மேல் குங்குமம் அப்பி அப்பி ஏறியிருந்ததால் அடியில் எழுத்து இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. 1909-இல்தான் கல்வெட்டு வெளிப்பட்டது. பிராமி எழுத்து, பிராகிருத மொழி. தட்சசீலத்தைச் சேர்ந்த தியோனின் மகன் ஹெலியோடோரஸ், கிரேக்க அரசர் அந்தியால்கிதாஸின் தூதராக அரசர் பாகபத்ரன் அவைக்கு வந்தவர், வாசுதேவனுக்கு இந்தக் கருடத்தூணை நிறுத்தினார் என்கிறது அது. தன்னைப் பாகவதன், அதாவது வாசுதேவனின் பக்தன், என்றே அவர் சொல்லிக்கொள்கிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசிக் காலம். அந்தத் தூணடியில் நின்று, யார் யாருக்கு நாகரிகம் கொடுத்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஒரு பிள்ளைகூட அலெக்சாண்டர் பெயரைச் சொன்னதில்லை.

கிரேக்கர் எதையும் கொண்டுபோகவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆப்கானிஸ்தானில் ஆமு தரியாவும் கோக்சா ஆறும் சேரும் இடத்தில் ஆய் கானும் என்ற, கிரேக்கர் குடியேறிய நகரம். பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் 1964-லிருந்து 1978 வரை தோண்டினார்கள். நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் கிடைத்தன. கிளியார்க்கஸ் என்பவர் கிரேக்கப் புனிதத் தலமான டெல்ஃபியிலிருந்து படியெடுத்து வந்த நீதிமொழிகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் ஒழுக்கம், வாலிபத்தில் அடக்கம், நடுவயதில் நியாயம், முதுமையில் நல்ல யோசனை, சாகும்போது துக்கமில்லாமை. அவ்வளவு தூரம் தாண்டி அதைச் சுமந்து வந்த மனிதரை நினைத்தால் எனக்கும் சிலிர்க்கிறது. அதே ஊரின் பெரிய கோயிலைப் பாருங்கள். உள்ளே கிரேக்கக் கடவுள் ஜீயஸுடையது என்று கருதப்படும் பெரிய சிலையின் பளிங்குப் பாதம், செருப்பில் இடியாயுதம் செதுக்கியது. கோயிலின் கட்டுமானமோ மெசொப்பொத்தேமிய (இன்றைய ஈராக் பக்கத்து) பாணி. கிரேக்கருக்கு முன்பே ஆசியாவில் இருந்த கட்டும் பழக்கம் அந்தச் சுவர்களில் இருக்கிறது. இதை எழுதினால் தொடர் இன்னும் சுவையாக இருந்திருக்காதா?

கிரேக்கர்களுக்கு எழுத்து கிடைத்ததே, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியர்களிடமிருந்துதான். அந்தப் பினீசியர்களின் டயர் என்ற நகரத்தை அலெக்சாண்டர் கி.மு. 332-இல் ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார், பிடிபட்ட மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்றார். இரண்டு வருஷம் கழித்து பாரசீகத் தலைநகர் பெர்சிபோலிஸின் அரண்மனை எரிந்தது. குதிரை கால் வைத்த இடங்களில் இவையும் சேர்த்திதானே?

அப்புறம், எல்லோரும் ஒரே மாதிரி வரவேற்கவும் இல்லை. ஜெருசலேமில் கி.மு. 175 வாக்கில் கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் கட்டக் கேட்டது யூதத் தலைமைக் குரு ஜேசன்தான், அது அவராக விரும்பிச் செய்தது. சில வருஷத்தில், சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க வம்சத்து அந்தியோக்கஸ் அரசர் யூத வழிபாட்டையே தடைசெய்து தம் முறையைத் திணித்தார். மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. கோயிலை மீட்டுத் தூய்மை செய்ததைத்தான் யூதர்கள் இன்றும் ஹனுக்கா பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் மேலே என்னை வருத்துவது ஒரு பழைய பாப்பிரஸ் கடிதம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, கிரேக்க வம்சத்துத் தாலமி ஆண்ட எகிப்து. ஒட்டகத்தோடு சிரியாவுக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆள், ஜெனோன் என்ற பண்ணை நிர்வாகிக்கு மனு போட்டிருக்கிறார். பேசிய கூலி வரவில்லை, கூலிக்குப் பதில் புளித்த மதுவைக் கொடுக்கிறார்கள், நான் கிரேக்கரைப் போல் நடக்கத் தெரியாதவன் என்பதால் இளக்காரமாக நடத்துகிறார்கள், பட்டினியால் சாகாமல் காப்பாற்றுங்கள் என்று. மனுதாரரின் பெயர் பாப்பிரஸில் மிஞ்சவில்லை. அந்த ஜெனோனின் சொந்த ஊர் கேரியாவிலுள்ள கௌனோஸ். மவுசோலஸ் ஆண்ட அதே கேரியா. கிரேக்கப் பண்பாட்டைச் சில தலைமுறைக்கு முன்பே எடுத்துக்கொண்ட ஊர்க்காரர் மேலே உட்கார்ந்திருக்கிறார், எடுத்துக்கொள்ளத் தெரியாதவர் கீழே நின்று சம்பளத்துக்குக் கெஞ்சுகிறார். பரவல் என்றால் இதுவும் சேர்ந்ததுதான். "முளைத்தது" என்ற ஒரே சொல்லில் இந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு நான்கு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், மவுசோலஸின் பெயர் அதில் இருந்தால் போதும். தொடர் புத்தகமாக வரும்போது அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மலரில் வந்த புத்தர் படத்தை மறுபடி பயன்படுத்தினால் "காந்தாரம், குஷாணர் காலம்" என்று குறிப்பு எழுதுங்கள். இந்த முறை அஞ்சலட்டை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருச்சி.