இனிஷியல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் ‘பொம்மை’ (1964) படத்தை, கே. பாலசந்தரின் மறந்துபோன த்ரில்லர் என்று போட்டிருக்கிறீர்கள். மறந்தது யார் என்பது தெரிந்துவிட்டது.

படத்தை எடுத்தவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது நினைவு வரலாம். கே.பி. முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ வந்ததே 1965-ல். தங்களுக்குத் தெரியாததா? 1954-லேயே ஒரு பாட்டுகூட வைக்காமல் ‘அந்த நாள்’ எடுத்து, ஆரம்பத்திலேயே சிவாஜியைச் சுட்டுக் கொன்ற துணிச்சல்காரர் எஸ். பாலசந்தர்.

‘பொம்மை’க்கு எங்கள் பெரியப்பா என்னையும் தங்கையையும் சைக்கிளில் வைத்து அழைத்துப்போனார். ஒருவரைத் தீர்த்துக்கட்டப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைப்பார்கள். அதுவோ கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போகும். முறுக்கு விற்கிற பையன்கூட விற்காமல் நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் தங்கை தன் மரப்பாச்சியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிட்டாள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியில் பாலசந்தரே திரையில் வந்து, நடித்தவர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் அறிமுகம் செய்துவைப்பார். (டிவியில் போட்டபோது அந்த இடத்தை வெட்டிவிட்டு நகைக்கடை விளம்பரம் காட்டினார்கள்.) அத்தனை பேரின் பெயரையும் சொன்ன மனிதருக்கு நீங்கள் செய்த மரியாதை இது.

நான் சொன்னால் பேரன் நம்பவில்லை. “பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா” என்கிறான். தபால் இலாகாவில் 34 வருஷம் இருந்தவன் நான். இனிஷியல் மாறினால் மணியார்டர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் அழுது என்ன பயன்?

போன வருஷம் எங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைப் படத்தைப் போட்டுப் புதுச்சேரி என்று எழுதியிருந்தீர்கள். புயல் வந்தால் மட்டும் கடலூர் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துவிடுகிறது. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் ‘தங்கள் இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அந்த வரியை எழுதவில்லை.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு, ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால், ‘கே’ அல்ல, ‘எஸ்’ என்று ஒரு வரி போடுங்கள். வெட்டிப் பேரனிடம் காட்டவேண்டும்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.