உளவளத்துணை என்றால் ஆஸ்பத்திரி மட்டுமா?

ஆசிரியருக்கு,

உளவளத்துணை (கவுன்சலிங்) படிக்கப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால் 'விசர் ஆஸ்பத்திரியிலயோ வேலை?' என்று வீட்டில் முகம் சுழிக்கிறார்கள். அந்த வேலை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவோடு முடிவதில்லை. போதைப்பொருள் வழக்கில் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் தகப்பனோடு பேசவும், அவர் உள்ளே போனபின் அம்மம்மாவிடம் விடப்பட்ட பிள்ளை இரவில் படுக்கையை நனைத்துவிட்டு ஏச்சு வாங்குகிறதே, அதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டப்படி நீதிமன்றம் பிள்ளையைத் தகுந்த ஒருவரின் பராமரிப்பில் விடலாம். சரி, வளர்ப்பவருக்கு யார் துணை? எங்களுக்கோ பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பதுதான் சுகமாகப் போய்விட்டது. இந்த வேலைகளைச் செய்தவர்களைப் பேட்டி எடுத்துப் போடுங்கள், அப்படியே 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையும்.

வாசகர்,
கோண்டாவில்